பிளான்ட்டட் டேங்கில் பேட்டரி ட்ரிம்மர்: கார்ப்பெட் செடிகளை மெஷினால் கத்தரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மீன்தொட்டிக்குள் செடி வளர்ப்பதுதான் பிளான்ட்டட் டேங்க்; அதில் கம்பளம் போலத் தரையோடு படரும் செடிகளைக் கார்ப்பெட் என்பார்கள். மான்டே கார்லோவோ ஹேர்கிராஸோ இப்படித் தரை முழுக்கப் படர்ந்த தொட்டி வைத்திருப்பவர்களால் தள்ளிப்போட முடியாத வேலை ஒன்று உண்டென்றால் அது ட்ரிம்மிங்தான். இரண்டடித் தொட்டி என்றால் வளைந்த கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு ஒரு மாலைக்குள் முடித்துவிடலாம். மூன்றடி, நான்கடித் தொட்டி என்றால் பாதியிலேயே மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்துவிடும். கை சோர்ந்தால் வெட்டு மேடும் பள்ளமுமாகப் போகும். அதனால்தான் தாடி ட்ரிம்மர், ஹேர் கிளிப்பர், புல் வெட்டும் பேட்டரி ஷியர் இவற்றையெல்லாம் தொட்டிக்குள் இறக்கிப் பார்க்கும் ஆசை பலருக்கும் வருகிறது.

செய்யலாமா என்றால், செய்யலாம். நானும் செய்கிறேன். ஆனால் இரண்டு விஷயங்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெஷின் எல்லாச் செடிக்கும் ஆகாது; தரையோடு படரும் செடிகளில் சிலவற்றுக்குத்தான் ஆகும். அடுத்தது, மெஷின் குறைப்பது வெட்டும் நேரத்தை மட்டும்தான். வெட்டியதைப் பொறுக்கி வெளியே எடுக்கும் நேரம் கூடவே செய்யும். கத்தரிக்கோல் விரல் நீளத் துண்டுகளாக வெட்டுவதை மெஷின் பொடிப்பொடியாக நறுக்கிவிடுகிறது. அந்தப் பொடி தொட்டியில் தங்கிவிட்டால் அழுகும், அம்மோனியா ஏறும், பின்னாலேயே பாசி வரும். ஆகவே இந்த வழிகாட்டியில் வெட்டுவதற்குக் கொடுத்திருக்கும் இடத்துக்குக் குறையாத இடத்தை அள்ளுவதற்கும் கொடுத்திருக்கிறேன்.

லிஸ்பன் நகரின் ஓசியனேரியம் என்னும் கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தில் ஜப்பானிய நீர்த்தோட்டக் கலைஞர் தகாஷி அமானோ 2015இல் அமைத்த நீரடிக் காடு 40 மீட்டர் நீளம், 1,60,000 லிட்டர் தண்ணீர் கொண்டது. அவ்வளவு பெரிய தொட்டியிலேயே டைவர்கள் இறங்கிக் கத்தரிக்கோலால்தான் செடிகளை வெட்டுகிறார்கள். நம் வீட்டுத் தொட்டியிலும் கத்தரிக்கோல்தான் முதல் கருவி. மெஷின் அதற்குத் துணை.

கீழே சொல்லும் அளவுகளெல்லாம் 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரமுள்ள தொட்டியை மனதில் வைத்துச் சொல்வது. முன்பக்கம் முழுக்க மான்டே கார்லோ, நடுவில் கல், பின்னால் உயரமாக வளரும் ரொட்டாலா. உங்கள் தொட்டிக்கு ஏற்பக் கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள்.

எந்தச் செடிக்கு மெஷின், எதற்குக் கத்தரிக்கோல்

ஹேர் கிளிப்பர் வேலை செய்யும் விதம் எளிமையானது. பல் வைத்த இரண்டு தகடுகள். ஒன்று அசையாது, இன்னொன்று அதன் மேல் வேகமாகப் பக்கவாட்டில் ஆடும். பல்லிடுக்கில் என்ன சிக்குகிறதோ அது வெட்டுப்படும். சிக்காதது மடங்கிக்கொண்டு போய்விடும். இந்த ஒரு விஷயத்தை வைத்தே எந்தச் செடிக்கு மெஷின் பொருந்தும் என்று சொல்லிவிடலாம்.

மான்டே கார்லோவும், அதைவிடச் சின்ன இலையுள்ள ஹெச்.சி. கியூபா என்ற செடியும் நன்றாகப் பொருந்தும். தண்டு மெல்லியது, அடர்த்தியாக நிற்கும், எந்த இடத்தில் வெட்டினாலும் கீழே உள்ள கணுவிலிருந்து துளிர்க்கும். குட்டை ஹேர்கிராஸும் பொருந்தும். ஆனால் அதற்கு வேறு முறை வேண்டும், பிறகு சொல்கிறேன்.

ரொட்டாலா, லுட்விஜியா போன்ற, தண்டு நிமிர்ந்து வளரும் ஸ்டெம் செடிகளுக்கு வேண்டாம். இவற்றைக் கணுவுக்குச் சற்று மேலே சுத்தமாக வெட்ட வேண்டும். நுனி போனதும் பக்க மொட்டுகள் விழித்துக்கொண்டு ஒரு தண்டு இரண்டாகக் கிளைக்கும். புதர் அடர்த்தியாவது அப்படித்தான். மெஷின் கணுவைப் பார்த்து வெட்டாது. தடித்த தண்டை நசுக்கும், அகலமான இலையைப் பாதியாகக் கிழிக்கும். கிழிந்த இலை இரண்டு மூன்று நாளில் ஓரம் கறுத்துக் கண்ணாடி போலாகிவிடும். ஒரு கை நிறையத் தண்டுகளைச் சேர்த்துப் பிடித்து நேரான நீளக் கத்தரிக்கோலால் நறுக்கினால் ரொட்டாலா வேலை எப்படியும் சீக்கிரம் முடிந்துவிடும். அங்கே மெஷினுக்குத் தேவையே இல்லை.

அனுபியாஸ், புசிஃபெலாண்ட்ரா, ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன், வாலிஸ்னேரியா பக்கம் மெஷினைக் கொண்டுபோகவே கூடாது. இவற்றில் பழுத்த இலையை அடியோடு எடுப்பதுதான் முறை. கண்ட இடத்தில் வெட்டினால் மிச்ச இலை மெல்ல அழுகும். ஜாவா மோஸையும் தவிர்க்கவும். மோஸின் சின்னத் துணுக்குகூட ஒட்டிய இடத்தில் வளரும். கல், கார்ப்பெட், ஃபில்டர் குழாய் என்று எல்லா இடத்திலும் முளைத்தால் மாதக்கணக்கில் இடுக்கியால் பிடுங்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இறால் வளர்க்கும் தொட்டியிலும் என் கருத்துப்படி மெஷின் கூடாது. தண்ணீரை இறக்கினால் மீன்கள் பள்ளத்துக்கு ஓடிவிடும். செர்ரி இறால் அப்படியே கார்ப்பெட்டுக்குள் புகுந்து அமர்ந்துகொள்ளும். குட்டி இறால் கண்ணிலேயே படாது. பாம்பு போல ஒல்லியான கூலி லோச் மீன் வைத்திருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

எந்தக் கருவி வாங்குவது

பிளக்கில் செருகி ஓட்டும் கருவி எதுவாக இருந்தாலும் தொட்டிப் பக்கம் வரக்கூடாது. வீட்டு மின்சாரம் 230 வோல்ட். சலூனில் ஓட்டும் வயர் கிளிப்பர், தோட்டத்து ஹெட்ஜ் ட்ரிம்மர், எதுவும் இதற்கு விலக்கில்லை. தண்ணீரை இறக்கிவிட்டோமே என்ற சமாதானமும் செல்லாது. அடிமண் ஈரம், கை ஈரம், கண்ணாடி ஈரம்.

பேட்டரியில் ஓடும் ட்ரிம்மர்தான் தேவை. ஒற்றை லித்தியம் செல் உள்ளவை 3.7 வோல்ட், இரண்டு பென்சில் செல் போடுபவை 3 வோல்ட். அந்த அளவு மின்னழுத்தத்தால் ஆபத்தில்லை. ஆனால் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது அதே ட்ரிம்மர் சுவர் மின்சாரத்தோடு சேர்ந்த கருவியாகிவிடுகிறது. சார்ஜர் வயரோடு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

பெட்டியில் ஐபிஎக்ஸ் என்று தொடங்கும் குறியீட்டைப் பாருங்கள். ஐபிஎக்ஸ் 4 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான். ஐபிஎக்ஸ் 5 குழாயிலிருந்து பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும். ஐபிஎக்ஸ் 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கியிருந்தாலும் கெடும் அளவுக்குத் தண்ணீர் உள்ளே புகாது. தொட்டிக்கு ஐபிஎக்ஸ் 7க்குக் குறைந்து எதையும் எடுக்க வேண்டாம். அதுவும் புதுக் கருவியைச் சும்மா மூழ்கவைத்துச் செய்த சோதனை. ரப்பர் வளையம் தேய்ந்த பழைய ட்ரிம்மருக்கு அந்த எண்ணை நம்ப முடியாது.

பிளேடின் அகலம் 4 செ.மீ. அளவில் இருப்பது நல்லது. அதைவிட அகலமானது கற்களுக்கு நடுவே நுழையாது. பிளேடு துருப்பிடிக்காத எஃகாகவோ செராமிக்காகவோ இருக்க வேண்டும், கையால் கழற்றக்கூடியதாகவும் இருக்க வேண்டும். கழற்ற முடியாத பிளேடுக்குள் செடித் துணுக்கு தங்கி அழுகி நாற்றமடிக்கும். கூட வரும் சீப்புகளில் 12 மி.மீ. சீப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

புல் வெட்டும் பேட்டரி ஷியர் தோட்டத்துக்கான கருவி. கைப்பிடியில் காற்றுத் துளைகள் இருக்கும், தண்ணீரில் இறங்கினால் மோட்டார் போய்விடும். அதைத் தொட்டிக்கு வெளியே, டிரேயில் வளரும் செடிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எதை வாங்கினாலும் தொட்டிக்கென்றே தனியாக வாங்குங்கள். முகத்தில் ஓட்டிய ட்ரிம்மரில் ஷேவிங் க்ரீம், முடி எண்ணெய், ஆஃப்டர் ஷேவ் எல்லாம் பல்லிடுக்கில் ஒட்டியிருக்கும்.

பக்கெட் சோதனை

புது ட்ரிம்மரின் பிளேடில் தொழிற்சாலையிலேயே எண்ணெய் போட்டு அனுப்புகிறார்கள். அது தொட்டிக்குள் போகக் கூடாது. பிளேடைக் கழற்றி, வெந்நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டுப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். சோப்பு வாடையே இல்லாத வரை ஓடும் தண்ணீரில் அலசுங்கள்.

பிறகு ஒரு கறுப்பு அல்லது கரும்பச்சை பக்கெட்டில் தண்ணீர் நிரப்பி, பிளேடை மாட்டி, முழுக்க மூழ்கவைத்து மூன்று நிமிடம் ஓட்டுங்கள். நிறுத்திவிட்டு, தண்ணீர் அசையாமல் நின்றதும் பக்கெட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மேலே வானவில் நிறத்தில் மெல்லிய படலம் நெளிந்தால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி கழுவுங்கள். கைப்பிடி இணைப்பிலிருந்தோ சார்ஜ் ஓட்டையிலிருந்தோ குமிழி வந்துகொண்டே இருந்தால் காற்று வெளியேறுகிறது, தண்ணீர் உள்ளே போகிறது என்று அர்த்தம். அந்தக் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

படி 1: கார்ப்பெட் தயாரா என்று பார்ப்பது

நட்டு ஆறு வாரமாவது ஆகாத செடியில் மெஷின் ஓட்டாதீர்கள். வேர் பிடிக்காத செடியை பிளேடு வெட்டாது, இழுத்துப் பிடுங்கிவிடும். இடுக்கியால் ஒரு கொத்தை மெதுவாக மேலே இழுத்துப் பாருங்கள். மண்ணும் சேர்ந்து அசைந்தால் வேர் நன்றாக இறங்கியிருக்கிறது.

அடுத்து உயரம். பக்கவாட்டுக் கண்ணாடி வழியாகக் கார்ப்பெட்டின் குறுக்குவெட்டு தெரியும். மேலே பச்சை அடுக்கு, கீழே வெளிச்சம் படாமல் மஞ்சளித்த அடுக்கு. மொத்த உயரம் 3 செ.மீ. தொட்டதும் வெட்டினால் இந்த மஞ்சள் அடுக்கு மெலிதாகவே இருக்கும். 5, 6 செ.மீ. வரை விட்டால் அடி அழுகி, ஒருநாள் மொத்தக் கார்ப்பெட்டும் பாயைச் சுருட்டினாற்போலப் பெயர்ந்து மேலே மிதக்கும். அவ்வளவு உயர்ந்துவிட்ட தொட்டியை ஒரே நாளில் முழுக்க வெட்ட வேண்டாம். இந்த வாரம் இடது பாதி, இரண்டு வாரம் கழித்து வலது பாதி.

மெஷினில் இருக்கும் பெரிய சபலமே இதுதான். கத்தரிக்கோல் என்றால் கை வலித்து நாமே நிறுத்திவிடுவோம். மெஷின் ஐந்து நிமிடத்தில் தொட்டியின் இலையில் முக்கால்வாசியை எடுத்துவிடும். இலை போன தொட்டியில் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உறிஞ்ச ஆளில்லை. அந்த இடத்தைப் பாசி பிடித்துக்கொள்ளும். எவ்வளவு வெட்டுவது என்பதைக் கருவியைக் கையில் எடுப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

படி 2: மின்சாரத்தை நிறுத்தும் வரிசை

ஹீட்டர் இருந்தால் முதலில் அதன் பிளக்கைக் கழற்றி அரை மணி நேரம் தண்ணீருக்குள்ளேயே ஆறவிடுங்கள். சூடான ஹீட்டர் தண்ணீருக்கு வெளியே தெரிந்தால் கண்ணாடி வெடிக்கும். அடுத்து செடிகளுக்குக் கார்பன் டை ஆக்சைடு விடும் சோலனாய்டு வால்வு, அதன் பிறகு ஃபில்டர், தண்ணீரைச் சுழற்றும் பவர்ஹெட். கடைசியாக விளக்கு. தொட்டி விளிம்பில் உட்காரும் விளக்கை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அறை விளக்கிலோ நெற்றியில் கட்டும் பேட்டரி டார்ச்சிலோ வேலை செய்யுங்கள். கை தட்டி விளக்கு தண்ணீரில் விழுவது நடக்கக்கூடிய விபத்து.

சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே கழற்ற வேண்டும். சில வீடுகளில் சுவிட்ச் தவறாக நியூட்ரல் வயரில் போடப்பட்டிருக்கும். அணைத்த பிறகும் ஃபேஸ் கருவிக்குள் வந்து நிற்கும். இன்வெர்ட்டர் லைனில் தொட்டியை மாட்டியிருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மெயினை அணைத்தாலும், ஏன், தெருவே இருட்டானாலும், இன்வெர்ட்டர் லைனில் கரண்ட் இருக்கும்.

தொட்டி மாட்டியிருக்கும் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது மின்கசிவு ஏற்பட்டால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம், இருக்க வேண்டும். இது ட்ரிம்மிங்குக்காக மட்டும் சொல்வதில்லை, தினமும் தொட்டிக்குள் கைவிடுகிற எல்லோருக்குமானது. இல்லாவிட்டால் எலக்ட்ரீஷியனை அழைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தி விழுகிறதா என்று பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில் கிடந்தால் உயரத்தில் மாட்டுங்கள். தண்ணீரை உறிஞ்சி வெளியேற்றும் சைஃபன் குழாய் நழுவினால் தண்ணீர் நேராக அங்கேதான் போகும்.

படி 3: தண்ணீரை இறக்குவது

மான்டே கார்லோவுக்கும் ஹெச்.சி. கியூபாவுக்கும், தண்ணீர் கார்ப்பெட்டின் மேல்மட்டத்துக்கு 2 செ.மீ. மேலே நிற்கும் வரை இறக்குங்கள். இந்த மெல்லிய தண்ணீர் இருந்தால் தண்டுகள் நிமிர்ந்து பல்லிடுக்குக்கு வரும், வெட்டிய துணுக்குகள் மிதந்து மேலே வரும். முழுக்க வற்றவைத்தால் செடி மண்ணோடு படிந்துவிடும். பிளேடு மேலோட்டமாக வழுக்கிக்கொண்டு போகும்.

மீன்களை என்ன செய்வது? மண் முன்பக்கம் சரிந்திருந்தாலும் 2 செ.மீ. தண்ணீரில் மீனை விட்டுவைத்து மெஷின் ஓட்டுவது சரியில்லை. பிடித்துத் தொட்டித் தண்ணீரிலேயே பக்கெட்டில் போட்டு, காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் போட்டு, மேலே வலையோ மூடியோ போடுங்கள். டெட்ராவும் ராஸ்போராவும் பக்கெட்டிலிருந்து அநாயாசமாகத் துள்ளிவிடும். தண்ணீர் குறையக் குறைய மீன் பிடிப்பது எளிது, அதனால் கடைசி 10 செ.மீ.யில் பிடியுங்கள்.

சித்திரை வெயிலில் மின்விசிறிக்குக் கீழே திறந்து கிடக்கும் நீர்ச்செடி சில நிமிடத்தில் வாடத் தொடங்கும். தண்ணீருக்கு அடியில் வளர்ந்த இலைக்கு ஈரத்தைக் காக்கும் மெழுகுப் பூச்சு மிக மெல்லியது. விசிறியை நிறுத்திவிடுங்கள். பின்னால் சாய்ந்து கிடக்கும் ரொட்டாலா மீது நனைத்த செய்தித்தாளைப் போர்த்தி, அவ்வப்போது ஸ்ப்ரே பாட்டிலால் ஈரமாக்குங்கள்.

படி 4: வெட்டு

முதல் ஓட்டத்துக்கு 12 மி.மீ. சீப்பு. பின்பக்கத்தில் தொடங்கி உங்களை நோக்கி வாருங்கள். ஒரு தடவைக்கு ஒரு சாண் நீளத்துக்கு மேல் போக வேண்டாம். ட்ரிம்மரின் உடல் பிளேடைவிடத் தடிமன் என்பதால் கைப்பிடியைத் தரையோடு தரையாகப் படுக்கவைக்க முடியாது, சற்றுச் சாய்வாகத்தான் நிற்கும். அப்படியே நீளமாக ஓட்டினால் பிளேடு மண்ணுக்குள் இறங்கும். முடிதிருத்துபவர் பின்கழுத்தில் ஓட்டுகிற மாதிரி, தொட்டு, சின்னதாக ஓட்டி, முடிவில் மேலே தூக்கிவிட வேண்டும். இது கைக்கு வர ஐந்தாறு ஓட்டம் ஆகும். ஆகவே முதலில் கல்லுக்குப் பின்னால், கண்ணுக்குப் படாத ஓரத்தில் பழகிக்கொள்ளுங்கள்.

மூன்று நான்கு ஓட்டத்துக்கு ஒருமுறை சீப்பை எடுத்து பக்கெட் தண்ணீரில் ஆட்டுங்கள். சீப்பு அடைத்துக்கொண்டால் பிளேடு வெட்டாமல் செடியை மெல்லும். சத்தமே சொல்லிவிடும், சீரான ரீங்காரம் தாழ்ந்து முனகலாக மாறினால் உடனே எடுத்துவிடுங்கள். இழுத்தால் வேரோடு ஒரு கொத்து கையில் வந்துவிடும்.

ஒருமுறை முழுக்க ஓட்டியதும் நிறுத்திவிட்டு, மிதப்பதை வலையால் அள்ளுங்கள். அப்போதுதான் மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று தெரியும். இரண்டாவது ஓட்டம் மேடுகளுக்கு மட்டும். முடிவில் கார்ப்பெட் 1 முதல் 1.5 செ.மீ. வரை நிற்க வேண்டும். தொட்டி முழுக்க ஒரே மட்டமாக வெட்டினால் பார்க்கச் செயற்கைப் புல் மாதிரி இருக்கும். கல்லை ஒட்டிய பகுதியைக் கொஞ்சம் உயரமாகவும், முன் கண்ணாடியை நோக்கி வர வரத் தாழ்வாகவும் விட்டால் ஆழம் கிடைக்கும்.

கண்ணாடியிலிருந்து 2 செ.மீ. வரைக்கும் மெஷின் போகக் கூடாது. பிளேடுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு மணல் துகள் மாட்டினால் போதும், கீறல் நிரந்தரம். மூலைகளில் சிலிக்கான் இருக்கிறது. அதை வெட்டினால் தொட்டியே கசியும். அந்த ஓரங்கள், கல்லின் இடுக்குகள், மரவேரின் அடி, எல்லாம் வளைந்த கத்தரிக்கோலுக்கு. 90 செ.மீ. தொட்டியில் மெஷின் வேலை பத்து நிமிடத்துக்கு மேல் இருக்காது. ஓர வேலை அதைவிட நேரம் பிடிக்கும்.

ஹேர்கிராஸ் மட்டும் தனி

ஹேர்கிராஸின் இழை தண்ணீரில்தான் நிமிர்ந்து நிற்கும். தண்ணீரை இறக்கினால் ஈர முடி போலப் படுத்துவிடும். ஆகவே இழையின் நுனிக்கு மேலே 10 செ.மீ. தண்ணீர் இருக்கட்டும், சீப்பைக் கழற்றிவிடுங்கள். இடது கையால் ஒரு பிடி இழையை நுனிப் பக்கம் லேசாகப் பிடித்து நிமிர்த்தி, விரலுக்குக் கீழே, மண்ணிலிருந்து 3 செ.மீ. உயரத்தில் பிளேடைக் கிடைமட்டமாக நுழையுங்கள். பிடித்த இழை அப்படியே கையில் வந்துவிடும், மிதக்காது. மெஷினில் அள்ளும் வேலை குறைவாக இருப்பது இந்த ஒரு செடிக்குத்தான். விரலுக்கும் பிளேடுக்கும் நடுவே எப்போதும் நாலு விரற்கடை இடைவெளி இருக்கட்டும். குறைந்த வோல்ட் மெஷினும் விரலை வெட்டும்.

படி 5: அள்ளுவது

இங்கேதான் அவசரப்படக் கூடாது.

முதலில், மிதக்கும் துணுக்குகளை நைசான கண்ணுள்ள வலையால் அள்ளுங்கள். பெரிய வலையைவிடக் கையகல வலை நல்லது, மூலைக்குள் போகும். பிறகு 12 மி.மீ. குழாயில் சைஃபன் தொடங்கி, வெளியேறும் நுனியை வலை கட்டிய பக்கெட்டுக்குள் விடுங்கள். உள்நுனியைக் கார்ப்பெட்டுக்கு ஒரு விரல் மேலே பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் செடியின் மேல் லேசாக விசிறிவிடுங்கள். இடுக்கில் ஒளிந்திருக்கும் துணுக்கு கிளம்பும், குழாய் இழுத்துக்கொள்ளும்.

தண்ணீர் தீர்ந்ததும் குளோரின் நீக்கிய புதுத் தண்ணீரை 5 செ.மீ. உயரத்துக்கு மட்டும் மெதுவாக விடுங்கள். ஒரு தட்டோ பிளாஸ்டிக் கவரோ போட்டு அதன் மேல் ஊற்றினால் மண் கலையாது. மறுபடி துணுக்கு மிதந்து வரும், மறுபடி அள்ளுங்கள். இதை இரண்டு மூன்று முறை செய்யும்போது ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வருவது தெரியும். மேற்பரப்பு கிட்டத்தட்டச் சுத்தமாகத் தெரிந்த பிறகே முழுக்க நிரப்புங்கள்.

ஃபில்டர் உறிஞ்சும் குழாயில் ஸ்பாஞ்ச் மாட்டிவிட்டுத்தான் ஓட்டத் தொடங்க வேண்டும். மறுநாள் அந்த ஸ்பாஞ்சைக் கழற்றிப் பார்த்தால் பச்சைக் கூழ் அப்பியிருக்கும். ஸ்பாஞ்ச் இல்லாவிட்டால் அவ்வளவும் கேனிஸ்டர் என்னும் ஃபில்டர் பெட்டிக்குள் போய்ப் பம்ப் இறக்கையில் சுற்றியிருக்கும். மேற்பரப்பை உறிஞ்சும் ஸ்கிம்மர் இருந்தால் அன்று இரவு முழுக்க ஓடட்டும். கேனிஸ்டரை ஒரு மணி நேரத்துக்கு மேல் நிறுத்திவைக்காதபடி வேலையைத் திட்டமிடுங்கள்; உள்ளே இருக்கும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும். நேரமாகும் போலிருந்தால் கேனிஸ்டரைத் திறந்து, பாக்டீரியா ஒட்டியிருக்கும் மீடியாவைத் தொட்டித் தண்ணீரில் ஈரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரின் வெப்பநிலை பக்கெட்டோடு பொருந்தியதும் மீன்களை விடுங்கள். ஹீட்டரைக் கடைசியாகச் செருகுங்கள்.

அடுத்த இரண்டு வாரம்

வெட்டிய அன்று கார்ப்பெட் பழுப்பாக, வாடினாற்போலத் தெரியும். நிழலில் கிடந்த அடித்தண்டுதான் அது. கணுக்களில் ஊசிமுனை அளவு வெளிர்பச்சைத் துளிர் சில நாட்களிலேயே தெரியவரும். இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி மூடிக்கொள்ளும்.

விளக்கு எட்டு மணி நேரம் எரிந்துகொண்டிருந்தால் முதல் வாரம் ஆறாகக் குறையுங்கள். கார்பன் டை ஆக்சைடில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. இலை குறைந்துவிட்டதால் செடி எடுத்துக்கொள்ளும் அளவும் குறைகிறது. தொட்டிக்குள் விடும் வாயுவின் குமிழி எண்ணிக்கை அதேதான் என்றாலும் தண்ணீரில் கரைந்து நிற்பது கூடும். கரைந்த கார்பன் டை ஆக்சைடின் அளவை நிறத்தால் காட்டும் டிராப் செக்கர் பச்சையிலிருந்து மஞ்சளுக்குப் போனால், மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால், உடனே குறைக்க வேண்டும். வெயில் காலத்தில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும்போது ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவாகத்தான் இருக்கும், இன்னும் கவனம் தேவை.

மூன்றாம் நாள் ஒருமுறை, ஏழாம் நாள் ஒருமுறை, மூன்றில் ஒரு பங்குத் தண்ணீர் மாற்றுங்கள். திரவ உரத்தை அந்த வாரம் பாதியாக்குவது என் வழக்கம். ஓரிடத்தில் மட்டும் துளிரே வராமல் கறுத்துக்கொண்டு போனால், அங்கே துணுக்கு குவிந்து அழுகுகிறது என்று சந்தேகப்படுங்கள். இடுக்கியால் விலக்கிப் பார்த்து உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

டிரேயில் வளரும் செடி

தண்ணீர் நிரப்பாமல், ஈரமண்ணில் மேலே பிளாஸ்டிக் தாள் மூடி வளர்க்கும் ட்ரை ஸ்டார்ட் தொட்டியிலும், மொட்டைமாடி டிரேயிலும் மெஷினுக்கு வேலை சுலபம். காற்றில் வளர்ந்த தண்டு விறைப்பாக நிற்கும், பல்லிடுக்கில் தானாகவே போய்ச் சிக்கும். ஹேர்கிராஸ்கூடப் படுக்காது. புல் வெட்டும் ஷியருக்கும் இதுதான் இடம். வெட்டும் முன் ஒருநாள் தாளைக் கொஞ்சம் திறந்துவைத்து மேல் ஈரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய துணுக்கைக் கையாலேயே அள்ளலாம். விட்டுவிட்டால் அந்த ஈரத்தில் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும்.

கல்லுக்கு பேட்டரி பிரஷ்

தண்ணீர் இறங்கியிருக்கும்போது கல்லையும் கவனித்துவிடுங்கள். பேட்டரியில் ஓடும் பல் துலக்கும் பிரஷ் இதற்கு அருமையான கருவி. புதிதாக, பேஸ்ட் படாததாக இருக்க வேண்டும். பாசி பிடித்த இடத்தில் பிரஷையும் பக்கத்திலேயே சைஃபன் நுனியையும் பிடித்துக்கொண்டால், கிளம்பும் பாசி கார்ப்பெட்டில் விழாமல் நேராக வெளியே போய்விடும். கார்ப்பெட்டை வெட்டுவதற்கு முன்பு இதைச் செய்யுங்கள்; வெட்டிய பிறகு செய்தால் பாசித் துணுக்கு புதிய வெட்டுகளுக்குள் தங்கும்.

கருவியையும் துணுக்கையும் என்ன செய்வது

வேலை முடிந்ததும் பிளேடைக் கழற்றி அலசி, துணியால் துடைத்து, காற்றில் நன்றாக உலர்த்திய பிறகு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வையுங்கள். அடுத்த முறை தொட்டியில் இறக்கும் முன் மறுபடி கழுவலும் பக்கெட் சோதனையும் உண்டு. சார்ஜ் ஓட்டை ஈரமாக இருக்கும்போது சார்ஜ் போடவே கூடாது; ஒருநாள் முழுக்க ஆறவிடுங்கள்.

வெட்டிய மான்டே கார்லோவில் நீளமான தண்டுகளைப் பொறுக்கி ஒரு டிரேயில் ஈரமண் போட்டு நட்டால் சில வாரத்தில் இன்னொரு கார்ப்பெட் தயார். மெஷின் பொடியாக்கியது நடவுக்கு அவ்வளவாக உதவாது. அதனால் கொடுக்க ஆள் இருந்தால், ஒரு பகுதியை வேண்டுமென்றே கத்தரிக்கோலால் நீளமாக வெட்டி ஒதுக்குங்கள்.

மிச்சத்தைச் சிங்க்கிலோ சாக்கடையிலோ ஏரியிலோ கொட்டாதீர்கள். கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா அருகே ஆவளப்பாண்டியில் 2020இல் நீரோடை முழுக்க இளஞ்சிவப்புப் பூ பூத்ததைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்தார்கள். அது கபோம்பா ஃபர்கேட்டா, மத்திய, தென் அமெரிக்காவிலிருந்து வந்த மீன்தொட்டிச் செடி. துண்டு விழுந்த இடத்திலெல்லாம் முளைக்கும் வகை. ரொட்டாலா நம் வயல்களிலேயே வளர்வதுதான், ஆனால் தொட்டித் துணுக்கில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பிரித்துப் பார்க்க முடியாது. மொட்டைமாடியில் ஒரு சாக்கில் பரப்பி இரண்டு நாள் காயவையுங்கள். கையில் நொறுங்கும் பதத்துக்கு வந்ததும் பூச்செடித் தொட்டியிலோ உரக்குழியிலோ போட்டுவிடலாம்.